ஹஷார் ஒருநாள் வேலைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய சோவியத் நாடுகளில் மாற்றுத்திறனாளிகளை விடுதிகளிலிருந்து வெளியே கொண்டுவந்து ஊரோடு வாழவைக்கும் முயற்சிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாக இருந்தது. ஆனால் 'சமூகமே அவர்களை அரவணைத்துக்கொண்டது' என்ற வரியில் எனக்குக் கொஞ்சம் இடறியது. இடறுவது எனக்குப் பழக்கம்தான். இரண்டு வயதில் போலியோ வந்து, அன்றிலிருந்து வலது காலில் காலிப்பர் (இரும்புக் கம்பியும் தோல் பட்டையும் கொண்ட தாங்கி) மாட்டி நடக்கிறவன்.

எழுபதுகளில் எங்கள் வீட்டுக்கு 'சோவியத் நாடு' பத்திரிகை வரும். அந்த வழவழப்பான தாளில் பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போட எங்களுக்குள் சண்டையே நடக்கும். டிராக்டர் ஓட்டும் பெண், ராக்கெட், பாலே நடனம் எல்லாம் அதில் பார்த்திருக்கிறேன். என்னைப் போலக் கட்டை ஊன்றி நிற்கும் ஒரு பிள்ளையின் படத்தைப் பார்த்த ஞாபகம் இல்லை. அங்கே இந்த நோயே கிடையாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அது முழுப் பொய்யும் அல்ல. 1959, 60-ல் போலியோ சொட்டு மருந்தைக் கோடிக்கணக்கானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த முதல் நாடு அதுதான். ஆனால் ஊனத்தோடு இருந்தவர்கள்? மருத்துவர் குழு ஒன்று உட்கார்ந்து, 'இவரால் எவ்வளவு வேலை செய்ய முடியும்' என்று பார்த்து முதல், இரண்டாம், மூன்றாம் பிரிவு என்று சீட்டு எழுதும். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளையும் கடுமையான ஊனம் உள்ள பிள்ளைகளையும் இன்டர்நாட் என்ற விடுதிகளில் விட்டுவிடும்படி பெற்றோருக்கு அறிவுரை சொல்வார்கள். பல விடுதிகள் ஊரைவிட்டுத் தள்ளியே இருந்தன.

1978-ஐ மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அந்த செப்டம்பரில் சோவியத் கஜகஸ்தானின் அல்மா-அட்டாவில் 134 நாடுகள் கூடி, அடிப்படை மருத்துவம் மக்கள் வாழும் இடத்திலேயே கிடைக்க வேண்டும் என்று பிரகடனம் செய்தன. ஊனமுற்றவரை எங்கோ தூரத்தில் கொண்டுபோய் வைக்காமல் சொந்த ஊரிலேயே தேற்றும் 'சமூகம் சார்ந்த மறுவாழ்வு' என்ற திட்டம் அதைத் தொட்டுப் பிறந்ததுதான். அதே 1978-ல், அதே நாட்டில், யூரி கிசெல்யோவ், வலேரி ஃபெஃபெலோவ், ஃபைசுல்லா ஹுசைனோவ் என்ற மூன்று பேர் ஊனமுற்றோர் உரிமைக்காக ஒரு குழு தொடங்கினார்கள். கிசெல்யோவுக்கு இரண்டு கால்களும் இல்லை. ஃபெஃபெலோவ் மின்கம்பத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். தங்களுக்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. சோவியத் உளவுப் போலீசான கேஜிபி வீடு புகுந்து சோதனை போட்டது. 1982-ல் ஃபெஃபெலோவ் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. ஊருக்குத்தான் உபதேசம்!

சரி, இந்தக் கதையில் எனக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். 2010-ல், பழைய சோவியத் நாடுகளில் ஒன்றான தஜிகிஸ்தானில் போலியோ வெடித்தது. 450-க்கும் மேற்பட்ட பிள்ளைகளும் பெரியவர்களும் பாதிக்கப்பட்டார்கள். தஜிகிஸ்தானையும் சேர்த்து எண்ணும் ஐரோப்பிய மண்டலத்தில் போலியோ இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2002-ல் சான்று கொடுத்த பிறகு வெளியிலிருந்து வந்து இறங்கிய முதல் நோய் அது. கிருமியைப் பரிசோதித்தபோது அதன் நெருங்கிய உறவு நம் உத்தரப் பிரதேசத்துக் கிருமி என்று தெரிந்தது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் அந்தக் கிருமியால் யாரும் முடங்கவில்லை. ஆனால் இங்கிருந்து ஒழிவதற்கு முன் அங்கே போய்க் கைவரிசையைக் காட்டிவிட்டது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து அந்தப் பிள்ளைகள் எனக்குப் பங்காளி முறை.

அவர்களுக்காகத் தொடங்கிய மறுவாழ்வு வேலைதான் பிறகு அங்கே எல்லா ஊனத்துக்குமான தேசியத் திட்டமாக விரிந்தது. எங்கள் தெருப் பெண் ஒருத்தி அந்த நாட்டின் தலைநகர் துஷான்பேயில் எம்பிபிஎஸ் படிக்கிறாள். லீவுக்கு வந்தபோது ஒரு போட்டோ காட்டினாள். சோவியத் காலத்து ஐந்து மாடிக் குடியிருப்பு, லிஃப்ட் கிடையாது. வாசற்படியின் மேல் இரண்டு இரும்புக் கம்பித்தடம் பற்றவைத்திருக்கிறது. அதுதான் சக்கர நாற்காலிக்கான சாய்தளமாம், பெயர் 'பாந்துஸ்'. "இதுல ஏத்தணும்னா நாலு பேர் வேணும் மாமா, இறக்கணும்னா சாமி துணை வேணும்" என்றாள். அவள்தான் ஹஷார் பற்றியும் சொன்னாள். ஒருவர் வீடு கட்டினால் மஹல்லாவே, அதாவது அக்கம்பக்கமே, கூலி வாங்காமல் வந்து சுவர் எழுப்பிக் கொடுக்கும். நம் பக்கத்தில் முறை வைத்துக் குளம் வெட்டியது மாதிரி. அப்படி மனசு உள்ள ஊரில் ஒழுங்கான சாய்தளம் ஒன்று ஒரே நாளில் எழும்பிவிடும், சந்தேகமில்லை.

ஆனால் ஹஷார் ஒருநாள் வேலைதான். அதற்கு மறுநாள் என்ன ஆகும் என்று என் காலைக் கேட்டால் சொல்லும். போலியோ வந்த பிள்ளைக்குத் தினமும் காலை நீட்டி மடக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் முழங்கால் மடங்கியே நின்றுவிடும், குதிகால் தரையில் படாது. என் பாட்டி முற்றத்தில் இரண்டு மூங்கில் கழியை இடுப்புயரத்துக்குக் கட்டி, நடுவில் என்னை நடக்கவிட்டு, அந்தப் பக்கம் கடலை மிட்டாயோடு உட்கார்ந்திருப்பாள். ஆறு வருடம் அப்படி உட்கார்ந்தாள். காலிப்பரோ, பிள்ளை வளர வளரச் சிறுத்துக்கொண்டே போகும். தோல் பட்டை தொடையைக் கடிக்கும்; முழங்கால் பூட்டு ஒரு இடத்திலும் முழங்கால் இன்னொரு இடத்திலும் நிற்கும். புதிதாக அளவெடுக்காவிட்டால் அதைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டுத் தவழத்தான் தோன்றும். தஜிகிஸ்தானின் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு மலை. செயற்கை உறுப்புக்கான பெரிய மையம் துஷான்பேயில் இருக்கிறது. வருடா வருடம் பிள்ளையை அங்கே தூக்கிக்கொண்டு போவது யார்?

அம்மாதான். அப்பாக்களில் ஏராளமான பேர் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறார்கள்; அந்த நாட்டின் வருமானத்தில் ஒரு பெரிய பங்கு அவர்கள் அனுப்பும் பணம்தான். ஆக, 'சமூகம் அரவணைத்துக்கொண்டது' என்று நாம் எழுதும்போது, பல வீடுகளில் அந்தச் சமூகம் ஒரே ஒரு பெண். விடுதியை மூடியதில் அரசுக்கு மிச்சமான செலவு அவள் தலையில் இறங்கியிருக்கும்.

கட்டுரையில் மால்டோவாவை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அங்கே 2012-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு, கடுமையான ஊனம் உள்ளவருக்குத் தனி உதவியாளரை உள்ளாட்சியே சம்பளத்துக்கு வைக்கிறது. பெரும்பாலும் அந்த வேலைக்கு வருவது தாயோ உறவினரோதான். சம்பளம் சொற்பம், கேட்கும் எல்லோருக்கும் கிடைப்பதும் இல்லை. இருந்தாலும் அவள் செய்வதை வேலை என்று ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். என் பாட்டியை எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை.

தஜிகிஸ்தானில் 2010-ல் முடங்கியவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இப்போது படிப்பு முடித்து வேலை தேடும் வயது, கல்யாணப் பேச்சு எடுக்கும் வயது. உங்கள் கட்டுரையாளர் மறுபடி அந்தப் பக்கம் போனால், அங்குள்ள கத்லான் மாகாணத்தில் ஏதாவது ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, அங்கே மாட்டியிருக்கும் காலிப்பர் எந்த வருடம் அளவெடுத்தது என்று கேட்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சங்கரன்கோவில்