கல்லாப்பெட்டியும் கப்சாவும்

மண்டபம்,
ஆடி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. சீரியல் பார்க்கிறேன் என்று உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. மற்றபடி உன் மருமகள் ஊரிலிருந்து வந்தாளா, மதுரையில் மழை உண்டா, எல்லாவற்றையும் அடுத்த கடிதத்தில் எழுது.

இங்கே ஆடிக்காற்று பிய்த்து எடுக்கிறது. தெற்கே ஆண்கடல் இரைச்சல் ராத்திரி வீட்டுக்குள் வரை கேட்கிறது. ரயில்வே லைனைத் தாண்டி வடக்கே போனால் பெண்கடல் ஊருணித் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடக்கிறது. தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடிந்து விசைப்படகுகள் போய்வருவதால் கடையில் பழைய பாக்கிகள் கொஞ்சம் கொஞ்சமாக வசூலாகின்றன. காற்றுதான் பெரிய இம்சை. சீனி மூட்டையில் மணல், பருப்பு டின்னில் மணல், என் காபியிலும் மணல்.

கடை என்றதும் ஞாபகம். மகன் கடையை அடியோடு மாற்றிவிட்டான். கண்ணாடி கவுண்டர், எடை மெஷின், வாசலில் ஸ்கேன் பண்ணும் அட்டை. அப்பாவின் கல்லாப்பெட்டி பின்கட்டுக்குப் போய்விட்டது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. உனக்கு அந்தப் பெட்டி மறந்திருக்காது. சாய்வான மூடி, நடுவில் காசு போடும் வாய், ஓரங்களில் பித்தளைத் தகடு. மூடியின் முன்பக்கம் மட்டும் அப்பாவின் கைபட்டுக் கைபட்டு வழவழவென்று கறுத்திருக்கும். ஈர்க்குச்சி நுனியில் பலாப்பிசினைத் தடவி அந்த வாய்க்குள் விட்டு நாலணா எடுத்தவன் நீ. கடலை மிட்டாயில் பாதி எனக்குக் கொடுத்தாய் என்பதால் இதுவரை வெளியே சொல்லவில்லை. அதே கையில்தான் பின்னாளில் ஒரு வங்கி தன் பணத்தையெல்லாம் கொடுத்து முப்பது வருஷம் எண்ணச் சொன்னது என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

சரி, எழுத வந்த விஷயம் இதுதான். பெட்டி பின்கட்டுக்குப் போன அதே வாரம் வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. ‘கேஷ் என்ற ஆங்கிலச் சொல் நம் காசுதான், வெள்ளைக்காரன் திருடிவிட்டான், உண்மைத் தமிழனாக இருந்தால் பகிரவும்’ என்று. நானும் உண்மைத் தமிழன்தானே, பகிர்ந்தேன். அதோடு விடாமல் டீக்கடையில் உட்கார்ந்து நாலு பேருக்கு முன்னால் பெரிய பிரசங்கமே பண்ணிவிட்டேன். பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன், “எப்படித் தாத்தா தெரியும்?” என்று கேட்டான். அதட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மனசு குறுகுறுத்தது. நீ ரிட்டையர் ஆனபோது கொடுத்தாயே தடியான அகராதி, அதை எடுத்துத் தூசி தட்டினேன். நான் சொன்னதில் பாதி போச்சு. மீதிப் பாதி நான் சொன்னதைவிட நன்றாக இருந்தது.

ஆங்கிலத்தில் கேஷ் ஒரு சொல் இல்லை, இரண்டு. நீ முப்பது வருஷம் எண்ணிய கேஷ் முதலில் பணமே கிடையாது, பெட்டி. 1590-களில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்குப் பணப்பெட்டி என்றும் பொருள் இருந்தது. ‘கேஷில் எவ்வளவு இருக்கிறது’ என்று கேட்டுக் கேட்டு, பெட்டியின் பெயர் உள்ளே கிடந்ததற்கு ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் ‘இன்றைக்குக் கல்லா எவ்வளவு?’ என்று கேட்பதில்லையா, அதே கதை. பிரெஞ்சில் கேஸ், இத்தாலியில் கஸ்ஸா, எல்லாம் பெட்டிதான். இவற்றுக்கெல்லாம் பாட்டி லத்தீன் மொழியில் இருக்கிறாள். அவள் பெயர் கப்ஸா. சத்தியமாக நான் கப்சா விடவில்லை! ரோமாபுரியில் ஓலைச்சுருள் மாதிரி சுருட்டிய புத்தகங்களை நிறுத்தி வைக்கும் உருளைப் பெட்டிக்கு அதுதான் பெயர். சூட்கேஸில் இருக்கும் கேஸும் அவள் பேரன். சின்னப் பெட்டி என்று அர்த்தப்படும் கேப்ஸ்யூலும் அப்படியே, நீ காலையில் விழுங்குகிறாயே, அது. மீன் லாரிக்கு அடியில் மெக்கானிக் படுத்துக்கொண்டு ‘சேஸி துரு பிடிச்சிருச்சு’ என்கிறாரே, அந்தச் சேஸியும் இதே குடும்பம்தான். கோர்ட்டு கேஸ் மட்டும் வேறு வம்சம். ‘விழுதல்’ என்ற சொல்லிலிருந்து வந்ததாம். கேஸில் மாட்டினவனைக் கேட்டால் பொருத்தம்தான் என்பான்.

ஆக, கேஷியர் என்றால் பெட்டிக்காரன். உன் கூண்டுக்கு மேலே தொங்கிய பலகை நினைவிருக்கிறதா? மேலே தமிழில் காசாளர், கீழே ஆங்கிலத்தில் கேஷியர். படித்துப் பார், ஒரே ஓசை. யாரோ ஒலியைப் பார்த்தே மொழிபெயர்த்த மாதிரி இருக்கும். ஆனால் ஒன்று காசை ஆள்பவர், இன்னொன்று பெட்டியைக் காப்பவர். ஒரே பலகையில், ஒன்றன்கீழ் ஒன்றாக, உறவே இல்லாத இரண்டு பேர் அண்ணன் தம்பி மாதிரி நின்றிருக்கிறார்கள். அதுக்கு அடியில் நீ உட்கார்ந்து நோட்டுக்கு எச்சில் தொட்டுக்கொண்டிருந்தாய். இன்னொரு வேடிக்கை: பட்டாளத்தில் ஒரு அதிகாரியைக் கேஷியர் பண்ணினார்கள் என்றால், அவமானப்படுத்தி வேலையை விட்டு அனுப்பினார்கள் என்று அர்த்தம். ‘உடைத்தல்’ என்ற பொருளுள்ள வேறொரு சொல்லிலிருந்து வந்தது அது. நல்லவேளை, நீ கேஷியராக இருந்தாயே தவிர உன்னை யாரும் கேஷியர் பண்ணவில்லை.

அப்படியானால் நம் காசு எங்கே என்று கேட்பாய். அதுதான் இரண்டாவது கேஷ். கிழக்கு நாடுகளின் சின்ன நாணயத்துக்கு ஆங்கிலேயர்கள் வைத்த பெயர் அது. அது நம்முடைய காசு, போர்த்துகீசியர் வாய்வழியாகப் போனது. அவர்கள் மொழியில் பெட்டிக்குப் பெயர் கைஷா. அதுவும் கப்ஸாவின் வம்சம்தான். இங்கே வந்து நம்மவர்கள் காசு காசு என்பதைக் கேட்டிருக்கிறார்கள். பழகிய காதில் பழகிய சொல்தானே விழும், காசையும் கைஷா என்றே எழுதிக்கொண்டார்கள். அங்கேதான் பெட்டியும் நாணயமும் முதல்முறை ஒரே பெயருக்குள் வந்து உட்கார்ந்தன. நம் வேதாளையிலும் அவர்கள் பதினாறாம் நூற்றாண்டில் இருந்தார்கள். அந்தோனியோ கிரிமினாலி என்ற பாதிரியார் 1549-இல் அங்கேதான் கொல்லப்பட்டார். நாம் பம்பரம் விட்ட மணல்மேட்டிலிருந்து எத்தனை தூரம், சொல்!

அவர்களும் சும்மா வாங்கிக்கொண்டு போகவில்லை. சாவி அவர்கள் சொல். ஜன்னல், மேசை, அலமாரி அவர்கள் சொல். தினமும் விடியற்காலையில் கரையில் மீனைக் குவித்துவைத்துக் கத்துகிறோமே ஏலம், அதுவும் அவர்களிடமிருந்து வந்ததுதான். காசைக் கொண்டுபோய்ச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நஷ்டமா லாபமா, நீதான் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும். கல்லாவும் நம் வீட்டுப் பிள்ளை இல்லை, தெரியுமா? தானியம், வரும்படி என்ற பொருளில் அரபு, பாரசீகம், உருது என்று ஊர் ஊராகச் சுற்றி வந்து நம் கடையில் உட்கார்ந்தது.

காசு மட்டும் இங்கே எப்போதிலிருந்தோ இருக்கிறது. கர்ஷம் என்ற வடமொழி எடைப் பெயரோடு அதைச் சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று பாடிவிட்டார். அந்தக் கதை உனக்காகவே நடந்தது மாதிரி இருக்கும், கேள். திருவீழிமிழலையில் பஞ்சம். அடியாருக்குச் சோறு போட, சிவன் அப்பருக்கும் சம்பந்தருக்கும் தினம் ஆளுக்கு ஒரு காசு கோயில் பீடத்தில் வைக்கிறார். அப்பர் மடத்தில் நேரத்துக்குச் சோறு. சம்பந்தர் மடத்தில் தாமதம். ஏன் என்று விசாரித்தால், அப்பர் காசைக் கடைக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள், சம்பந்தர் காசுக்கு வாசி கேட்கிறார்கள். வாசி என்றால் வட்டம், அதாவது மாற்றும்போது பிடிக்கும் கழிவு. அப்பர் கையால் உழவாரப்பணி செய்தார், அதனால் அவருக்கு முழு மதிப்புக் காசு. சம்பந்தர் கேட்டது வேறொன்றுமில்லை, கமிஷன் இல்லாத காசு கொடு என்று ஆண்டவனிடமே கேட்டிருக்கிறார். கிழிந்த நோட்டோடு உன் கூண்டுக்கு முன்னால் நின்றவர்களும் அதைத்தானே கேட்டார்கள்?

அப்புறம் கும்பினிக்காரன், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன், கணக்கு. சென்னையில் 80 காசுக்கு ஒரு பணம், 42 பணத்துக்கு ஒரு வராகன். ஒரு வராகனுக்கு 3,360 காசு. பேனாவை எடுக்காதே, நான் பெருக்கிப் பார்த்துவிட்டேன். பன்னிரண்டு பணம் ஒரு ரூபாய் என்பதால் ஒரு வராகன் மூன்றரை ரூபாய். இந்தக் குழப்பத்தை 1818 வரை இழுத்து, பிறகுதான் ரூபாய்க்கு வந்தார்கள். அந்தச் செப்புக்காசுகளை இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் அடித்துக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் டன் கணக்கில் பத்து காசும் இருபது காசும் ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பி, 1809 ஜனவரியில், தன் ஊர்க் கரையைத் தாண்டுவதற்குள் குட்வின் மணல்திட்டில் மாட்டி முழுகிவிட்டது. 1980-களில் முக்குளித்து எடுத்திருக்கிறார்கள். பத்து காசில் ‘X CASH’ என்று, பத்தை ரோமன் எண்ணாகப் போட்டு, ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கிறது. நம் சொல்லைப் பொறித்த செம்பு, நம் கரையைப் பார்க்காமலே நூற்றெழுபது வருஷத்துக்கு மேல் சீமைக் கடலுக்கடியில் கிடந்திருக்கிறது. கடலோரத்தில் பிறந்தவனுக்கு இது சும்மா ஒரு செய்தியாகப் படவில்லை, மாப்பிள்ளை. கப்பல் முழுகினது என்றாலே நமக்கு வயிறு கலங்கும். இதில் கூடவே கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

இன்னொன்று. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனக்காசு படத்தில் பார்த்திருப்பாய். கயிற்றில் கோத்து ஆயிரம் ஆயிரமாக வைத்திருப்பார்களாம். அதற்கும் ஆங்கிலத்தில் கேஷ் என்றுதான் பெயர். சீனன் அதை அப்படிச் சொல்வதில்லை. நம் பக்கத்துச் சொல்லைத் தூக்கிக்கொண்டு போய் அவன் நாணயத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள். நம் பெரியபட்டினத்தில் தோண்டத் தோண்டச் சீனப் பீங்கான் ஓடு கிடைத்த கதைதான் உனக்குத் தெரியுமே. அவர்கள் பீங்கான் இங்கே, நம் காசு பெயராக அங்கே. கடலுக்கு அக்கரையில் சிங்களத்தில் நாணயத்துக்குக் ‘காசி’ என்றே சொல்கிறார்கள்.

டீக்கடைப் பையனிடம் போய் இதையெல்லாம் சொல்லித் தப்பை ஒப்புக்கொண்டேன். அவன் விடவில்லை. “அப்ப கேஷ்யூநட்? காசுக்கு எட்டுன்னு வித்ததால வந்த பேருன்னு போட்டிருக்காங்களே?” என்றான். அதுவும் கப்சா. முந்திரி பிரேசில்காரன். அங்கே துப்பி மக்கள் சொன்ன அகாஜு, போர்த்துகீசியர் வாயில் காஜு ஆகி, ஆங்கிலத்தில் கேஷ்யூ ஆனது. எட்டும் இல்லை, காசும் இல்லை. பையனுக்கு முகம் விழுந்துவிட்டது. ஒரு முந்திரி பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். ஐந்து ரூபாய். என் சட்டைப்பையில் நூறு ரூபாய் நோட்டுதான் இருந்தது. கடைக்காரர் “கேஷ்னா சில்லறையா குடுங்க, இல்லேன்னா போன்ல போடுங்க” என்றார். பாரேன், பெட்டி என்று பிறந்த சொல் பணமாகி, இப்போது போனில் இல்லாத பணம் என்று ஆகிவிட்டது. சந்தையில் கருவாடு விற்கும் அக்காகூடக் கூடையில் அட்டையைச் செருகி வைத்துக்கொண்டு, “கேஷா, போனா?” என்றுதான் கேட்கிறார். விலை மட்டும் எத்தனை காசு என்று கேட்டால்தான் பதில் சொல்வார்.

நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ கட்டி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பெரியவன் மதுரைக்கு வருகிறான், கொடுத்து அனுப்புகிறேன். மழைக்கு முன்னால் ஒரு நடை வந்துவிட்டுப் போ. புதுப் பாம்பன் பாலத்தை நீ இன்னும் பார்க்கவில்லை. நடுப்பகுதி அப்படியே கிணற்று வாளி மாதிரி மேலே ஏறுகிறது.

கடைசியாக ஒன்று. பெட்டியைத் துடைக்கும்போது அறைகளில் ஒரு ஓட்டைக் காலணாவும், புதுக்கோட்டை அம்மன் காசு ஒன்றும் கிடைத்தன. அடியில் இருக்கும் சின்ன உள்ளறை மட்டும் பூட்டியிருக்கிறது. ஆட்டினால் ஏதோ உருள்கிற சத்தம். சாவியைக் காணோம். அந்தப் பிசின் விவகாரத்துக்கு அடுத்த வருஷம் ‘சாவியை அந்தப் பயல்தான் எடுத்தான்’ என்று அப்பா சாகும்வரை உன்னைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். தச்சரைக் கூப்பிட்டு உடைத்துவிடலாம் என்கிறான் மகன். நான் நிறுத்தி வைத்திருக்கிறேன். உன் வீட்டுப் பழைய சாவிக்கொத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுது. சின்னது, பித்தளை, தலையில் மூன்று ஓட்டை இருக்கும்.

உன் பழைய பெஞ்சுக்காரன்