குற்றவாளி எழுதும் நன்றி மடல்

அன்புடையீர்,

மொரீஷியசில் உள்ள எங்கள் கல்லூரியின் புதிய கணினி வலையமைப்பைத் தொடங்கிவைத்த விழாவில் உரைகள் மட்டும் நாற்பது நிமிடம் நடந்தன. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்சுப் பெட்டிகளின் பெருமையைச் சொன்னார்கள், பத்து கிகாபிட் வேகத்தைச் சொன்னார்கள், செயற்கை நுண்ணறிவு என்று மூன்று தடவை சொன்னார்கள். பள்ளம் தோண்டியவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்த மடல். இதை எழுத எனக்குத் தகுதியும் உண்டு; பழைய வலையமைப்பைக் கடைசியாகச் சாய்த்தவள் நான்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தமிழ்த்துறை அறையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். மேசைக்கடியில் ஒரு கம்பியின் நுனி சும்மா கிடந்தது. கழன்று விழுந்திருக்கும் என்று சுவரில் இருந்த துளையில் செருகினேன். அதன் மறுமுனையும் பக்கத்துத் துளையில் செருகித்தான் இருந்தது என்று யார் கண்டது? போன தகவல் சுற்றித் திரும்பி வந்து, மறுபடி போய், பல்கிப் பெருகி, சற்று நேரத்தில் கல்லூரி முழுவதும் இணையம் நின்றது. இப்படிப்பட்ட வளையத்தைக் கண்டு அடைக்க எங்கள் பழைய பெட்டிகளுக்குத் தெரியாது. எல்லாத் துறைகளும் தடுப்பில்லாமல் ஒரே வலையில் கிடந்ததால் கணக்கு அலுவலகமும் நூலகமும் சேர்ந்தே படுத்துக்கொண்டன. தொழில்நுட்பத் தம்பி ஒன்றரை நாள் அறை அறையாகக் கம்பிகளைப் பிடுங்கிப் பார்த்து, கடைசியில் என் மேசைக்கடியில் வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நன்றி மிஸ், இனிமேல் நான் சொல்வதை நிர்வாகம் கேட்கும்" என்றார், இந்தத் தீவின் கிரியோல் மொழியில். கேட்டது.

மொரீஷியசுக்கு இணையம் வருவதில் குறையில்லை. சேஃப் கடலடிக் கம்பி 2002 முதல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ரீயூனியன் வழியாக இங்கே வந்து, கொச்சியைத் தொட்டுப் பினாங்கு வரை போகிறது. ஆப்பிரிக்கா முழுமைக்கும் இணைய முகவரிகளைப் பங்கிடும் ஆஃப்ரினிக் அமைப்பே இந்தத் தீவின் எபேன் நகரில்தான் இருக்கிறது. அத்தனை கடல் தாண்டி ஓடிவந்த தகவல், எங்கள் வாசலுக்குள் நுழைந்ததும் நொண்டியது. நூலகத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் நடுவே செப்புக் கம்பி. அது 100 மீட்டருக்கு மேல் தாங்காது என்பதால் மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்குள் எறும்புக் குடித்தனம். கோடையில் இடி இறங்கினால் இரண்டு கட்டடங்களிலும் ஏதாவது பொசுங்கும். என் மாணவர்கள் தங்கள் பாட்டிமாரின் தமிழ்ப் பேச்சைப் பதிவு செய்து, அதைக் கேட்டு எழுதக் கணினியைப் பழக்குகிறார்கள். அந்த ஒலிக்கோப்புகளைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு, மழையில் முற்றத்தைத் தாண்டி ஓடுவதுதான் எங்களிடம் இருந்த அதிவேக இணைப்பு.

முதல் நன்றி தோட்டக்காரப் பெரியவருக்கு. கல்லூரியில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் 'தோன்தோன்', கிரியோலில் மாமா. செப்புக்குப் பதிலாக, தகவலை ஒளியாகக் கொண்டுபோகும் கண்ணாடி இழைக் கம்பியைப் புதைக்கப் பள்ளம் வெட்டத் தொடங்கியதும் எரிமலைப் பாறை எதிர்ப்பட்டது. கரும்புக் காடுகளுக்கு நடுவே மலைபோல் குவிந்திருக்கும் கருங்கற்களைப் பார்த்தவர்களுக்கு இந்த மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாளில் ஒரு கடப்பாரை வளைந்ததுதான் மிச்சம். அப்போது தோன்தோன் வந்து, மாமரத்தடியில் பழைய தண்ணீர்க் குழாய் ஒன்று பல வருடமாக வறண்டு கிடக்கிறது, அது நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போகிறது என்றார். எந்த வரைபடத்திலும் அந்தக் குழாய் இல்லை. பிளாஸ்டிக் பையில் நூலைக் கட்டி ஒரு முனையில் விட்டு, மறுமுனையில் தூசி உறிஞ்சும் இயந்திரத்தை வைத்து இழுத்தார்கள். நூல் வந்தது, நூலோடு ஒரு மரவட்டையும் வந்தது. நூலைப் பிடித்துக் கயிறு, கயிற்றைப் பிடித்துக் கம்பி.

இழைகளை ஒட்டவைத்த தம்பதியருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஆம், கணவன் மனைவி இருவருக்கும் அதுதான் தொழில். கண்ணாடி இழையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதற்குள் ஒளி ஓடும் நடுத்தண்டு அதிலும் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவு. அந்த அம்மாள் இழையைத் துடைத்து, நறுக்கி, சின்னப் பெட்டிக்குள் படுக்கவைத்தார். திரையில் இரண்டு முனைகளும் இரண்டு தூண்கள் போலத் தெரிந்தன. நெருங்கின, ஒரு நீலப் பொறி, வெட்டின சுவடே இல்லை. தூறல் விழுந்தபோது வேலை நிற்காமல் காத்தது கோயில் நிர்வாகத்தார் கொடுத்தனுப்பிய சால்-வேர்த் பந்தலின் தார்ப்பாய். அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்கு வேண்டியிருந்தும் கொடுத்தார்கள். கண்ணாடியில் மின்சாரம் பாயாது. இனி ஒரு கட்டடத்தின் இடி அந்தக் கம்பி வழியாக இன்னொன்றுக்குத் தாவாது.

பழையதை அணைத்துப் புதியதற்கு மாற நாள் குறித்த கதை தனி. கல்லூரி காலியாக இருக்கும் விடுமுறை நாள் வேண்டும். முதலில் தைப்பூசக் காவடி நாளைச் சொன்னார்கள். அன்று நான் பால்குடம் எடுக்கிறேன் என்றேன். சீனப் புத்தாண்டுக்கு ஒரு தொழில்நுட்பர் கை தூக்கினார். மகா சிவராத்திரிக்கு இருவர் கங்கா தலாவ் என்னும் புனித ஏரிக்கு நடந்து போகிறவர்கள். பெருநாளுக்கு இன்னொருவர். இந்தத் தீவில் விடுமுறை என்றால் அது யாரோ ஒருவருடைய பண்டிகை. கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு சனிக்கிழமை இரவு கிடைத்தது. விடிய விடிய வேலை செய்த எல்லோருக்கும், உணவக அக்கா சம்பளம் கேட்காமல் வாழையிலையில் ஏழு கறி பரிமாறினார். மூன்று மதத்துக்காரர்கள் கம்பிச் சுருள்களின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அக்கா, அந்தப் பலாக்காய்க் கறிக்குத் தனி நன்றி.

மாணவப் பிள்ளைகளுக்கும் நன்றி. நூற்றுக்கணக்கான கம்பிகளுக்கு இரு முனையிலும் பெயர்ச்சீட்டு ஒட்டியவர்கள் அவர்கள்தான். பாட்டிமாரின் குரல்கள் இப்போது ஆய்வுக்கூடத்துக்கு நனையாமல் போகின்றன.

புதிய சுவிட்சு வளையத்தைக் கண்டால் அந்தத் துளையைத் தானே அடைத்துவிடும் என்று தொழில்நுட்பத் தம்பி விளக்கினார். விளக்கிவிட்டும், என் மாணவி ஒருத்தியைப் பிடித்துத் தமிழில் ஒரு சீட்டு எழுதச் சொல்லி, என் மேசைக்கடியில் சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்: "மிஸ், தயவுசெய்து இதைத் தொடாதீர்கள்."

தொடவில்லை.

அன்புடன்,
தமிழ்த்துறை ஆசிரியை