கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரையில் 16 வருடமாக இன்டீரியர் டிசைனராக வேலை பார்க்கிறேன். போன மாதம் அண்ணா நகரில் ஒரு வீட்டுக்கு, "கிச்சனைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லும்மா" என்று கூப்பிட்டார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் போட்ட மாடுலர் கிச்சன், வெளியே பளபளவென்று இருந்தது. அடுப்புக்குக் கீழே இருந்த கதவைத் திறந்தேன். உள்ளே கேஸ் சிலிண்டர். பிளைவுட்டில் துளை போட்டு டியூபை மேலே ஏற்றியிருந்தார்கள். துளையின் ஓரத்தை உப்புத்தாள் வைத்துத் தேய்க்கக்கூட இல்லை. டியூப் சிராயில் உரசி உரசி வெளுத்துப் போயிருந்தது. காற்றுப் போக ஒரு ஓட்டை கிடையாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் அடியிலேயே தங்கும். அதனால் கதவின் கீழ்ப்பக்கம் திறப்பு விட்டே ஆக வேண்டும். "காலையில திறந்தா ஒரு வாடை வரும், பெயின்ட் வாடைன்னு நெனச்சேன்" என்றார் அந்த அம்மா. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. சிலிண்டரை வெளியே எடுத்து வைத்த பிறகுதான் மற்ற பேச்சு.

செய்து கொடுத்தவர் போனை எடுக்கவில்லை. எஸ்டிமேட்டில் தண்ணீர் தாங்கும் 710 தர மரைன் பிளைவுட் என்று எழுதியிருக்கிறது, சிங்க் அடியில் போட்ட பலகையோ ஊதிக் கிடக்கிறது. அந்தத் தாளில் கையெழுத்தும் இல்லை, முகவரியும் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்தான். யார் மீது புகார் கொடுப்பது?

வீடு கட்டும்போது பிளான் அனுமதிக்குப் பதிவு பெற்ற பொறியாளரோ ஆர்க்கிடெக்டோ கையெழுத்துப் போடுகிறார். ஒயர்மேனுக்கு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்றிதழ் இருக்கிறது. அப்புறம் வீட்டுக்குள்ளே நுழைந்து ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒயர் எப்படிப் போக வேண்டும், எந்தச் சுவரை இடிக்கலாம், சிலிண்டர் எங்கே இருக்க வேண்டும் என்றெல்லாம் முடிவு செய்கிறவருக்கு மட்டும் எந்தப் பதிவும் தேவையில்லை. விசிட்டிங் கார்டு அடித்தால் நாளைக்கே டிசைனர்.

நாங்கள் 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டுகிறோம், மாநகராட்சிக்குத் தொழில் வரி கட்டுகிறோம். வரி வாங்கும்போது இது தொழில். ஆனால் எங்களைப் பதிவு செய்ய ஒரு சட்டம் இல்லை. ஆர்க்கிடெக்டுகளுக்கு 1972-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டம் காப்பது 'ஆர்க்கிடெக்ட்' என்ற பெயரைத்தான், வேலையை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லியிருக்கிறது. சரி, எங்களுக்கும் முதலில் அந்தப் பெயராவது கிடைக்கட்டும். அமெரிக்காவில் அலபாமா மாநிலம் 1982-ல் அப்படித்தான் ஆரம்பித்தது. பதிவு எண் உள்ளவர் மட்டுமே 'இன்டீரியர் டிசைனர்' என்று போட்டுக்கொள்ளலாம், எஸ்டிமேட்டிலும் வரைபடத்திலும் அந்த எண்ணும் கையெழுத்தும் இருக்க வேண்டும், தப்பு செய்தால் எண் பறிபோக வேண்டும். இவ்வளவு இருந்திருந்தால் அண்ணா நகர் அம்மாவுக்குக் கேட்க ஒரு ஆள் இருந்திருக்கும்.

ஒரு பயமும் எனக்கு உண்டு. என் அப்பா தச்சு ஆசாரி. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பலகையைத் தட்டிப் பார்த்தே உள்ளே பொள்ளல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். எனக்கு டிப்ளமோ தராத பாதி வித்தை அவரிடம் கற்றது. பட்டம் இருந்தால்தான் பதிவு என்று சட்டம் வந்தால், தெற்குவாசலிலும் வில்லாபுரத்திலும் கை வித்தையால் பிழைக்கிற இவரைப் போன்றவர்கள் ஒரே நாளில் வெளியே நிற்பார்கள். அப்படி ஒரு சட்டம் எனக்கும் வேண்டாம். பள்ளிப் படிப்பு இல்லாத தொழிலாளர்களின் திறமையைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முறை ஸ்கில் இந்தியா திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதே வழியில், இத்தனை வருட அனுபவத்துக்கு இந்தத் தேர்வு என்று வைக்கலாம். அதில் மின்சாரம், எரிவாயு, தீ, வெளியேறும் வழி ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும். சோபா நிறத்துக்குத் தேர்வு வேண்டியதில்லை.

இதை அப்பாவிடம் சொன்னேன். தமிழில் வைத்தால், எழுதச் சொல்லாமல் செய்துகாட்டச் சொன்னால், முதல் ஆளாக வந்து உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு வயது 68.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
எல்லீஸ் நகர், மதுரை.