கனகாம்பரம் வாங்கிட்டுப் போனவங்களுக்கு ஒரு மடல்

வணக்கம்,

பினாங்குல மழை புடிச்சதுல இருந்து வாட்சாப்ல எல்லாரும் ஒரே படத்தைத்தான் அனுப்புறீங்க, மண்ணு ஈரமாத்தான் இருக்கு ஆனா கனகாம்பரம் தலை தொங்கிப் போச்சு, என்ன பண்றதுன்னு. தயவுசெஞ்சு தண்ணி மட்டும் ஊத்தாதீங்க!

நேத்து பட்டர்வொர்த்துல இருந்து ஒரு அக்கா தொட்டியோட தூக்கிட்டு வந்தாங்க, கவுத்துப் பார்த்தா வேரெல்லாம் கறுத்து, தொட்டா தோலு உருவிக்கிட்டு கையோட வருது, ஒரே நாத்தம். இலை வாடுதேன்னு காலையில ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவ ஊத்தியிருக்காங்க, அடியில தட்டு வேற. வேரு அழுகிட்டா அதால தண்ணிய இழுக்க முடியாது, அதனாலதான் ஈரத்துலயே நின்னு வாடுது. வாங்கும்போதே நாங்க இதைச் சொல்லியிருக்கணும், மன்னிச்சிருங்க.

தட்டை எடுத்துருங்க, ஏடிஸ் கொசுவுக்கும் அதான் வீடு. மண்ணுல விரல விட்டுப் பாருங்க, மேல ஒரு அங்குலம் காஞ்சா மட்டும் ஊத்துங்க. மாத்தி வைக்கிறதா இருந்தா ரெண்டு பங்கு மண்ணு, ஒரு பங்கு ஆத்து மணல், ஒரு பங்கு மக்குன உரம் போதும். வீடு ரெனோவேஷன் பண்ணின சிமெண்டு கலந்த மண்ணு வேணாம், கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும்.

மத்தபடி இது தென்னிந்தியா, இலங்கைப் பக்கத்துச் செடி, நம்ம ஊரு சூடு நல்லா ஒத்துக்கும், குளிர்தான் ஆகாது. காலை வெயில் படணும், மத்தியான வெயிலுக்குக் கொஞ்சம் நிழல் இருந்தா நல்லது. பூ உதிர்ந்த கதிரை அடியோட கிள்ளி விட்டாத்தான் பக்கத்துல புதுக் கதிர் விடும், இதைச் செய்யாமத்தான் பாதிப் பேரு பூக்கலன்னு சொல்றீங்க.

விதை வேணும்னா ரெண்டு மூணு கதிரைக் காய விடுங்க, காஞ்ச காயில மழைத்துளி பட்டா பட்டுபட்டுன்னு வெடிச்சு விதை தூரமாப் போய் விழும், புள்ளைங்களுக்குக் காட்டுங்க, அவ்வளவு ஆசையாப் பார்ப்பாங்க. ஆனா டெல்லி கனகாம்பரம் வாங்கினவங்க விதைக்குக் காத்திருக்க வேணாம், அது விதை கட்டாத ரகம், குச்சி வெட்டித்தான் வளர்க்கணும்.

வேரு அழுகின செடியையும் தூக்கிப் போட்டுடாதீங்க. நுனி பச்சையா இருந்தா 4 அங்குலம் வெட்டி ஈரத் துணியில சுத்திக் கொண்டாங்க, நாங்களே மணல்ல ஊனி வேர் விட்டதும் தர்றோம், காசு வேணாம்.

அன்போட,
உங்க நர்சரி, பிறை