பழவேற்காடு டச்சுக் கல்லறை நடை – கவனிக்க

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 7 மணிக்குப் பழவேற்காடு பேருந்து நிறுத்தத்தில் கூடுகிறோம். கல்லறை வாசலில் இருக்கும் எலும்புக்கூடு சிற்பங்களைப் பார்க்கக் குழந்தைகள் இப்போதே துடிக்கிறார்கள். சரி, வருவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

1. அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். கல்லைச் சிதைத்தாலோ, கிறுக்கினாலோ 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

2. பாதுகாக்கப்படாத சாதாரண மயானத்துக்கும் சட்டம் உண்டு. பிறர் மனம் புண்படும் என்று தெரிந்தே அத்துமீறினால் பாரதிய நியாய சன்ஹிதா 301-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். பழைய இ.பி.கோ. 297தான் இது.

3. எழுத்து தெளிவாகத் தெரிய சுண்ணக்கட்டி, மாவு, எண்ணெய் எதையும் தடவ வேண்டாம். பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்தாலே போதும்.

4. கல்லறை மேல் ஏறி செல்ஃபி கூடாது. பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்குத்தான் சொல்கிறேன்!

5. யாராவது சேதப்படுத்துவதைக் கண்டால் சண்டைக்குப் போகாதீர்கள். காவலரிடம் சொல்லுங்கள், அல்லது 112.

வருபவர்கள் எத்தனை பேர் என்று வியாழன் இரவுக்குள் இங்கேயே பதிலிடுங்கள். வேன் பேச வேண்டும்.