சருகை எரிக்காதீர்கள், எங்களிடம் கொடுங்கள்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். சமையலறைக் குப்பையை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க நினைக்கும் இரண்டு மூன்று பேராவது உங்கள் குடியிருப்பில் இருப்பார்கள். உங்களிடம் வந்து இடமும் கேட்டிருப்பார்கள். "நாறும், எலி வரும், மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள்" என்று பல சங்கங்கள் அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. அவர்களுக்காகத்தான் இந்த மடல். நானும் அவர்களில் ஒருத்தி.

சென்னையில் தினமும் சேரும் குப்பை சுமார் 5,000 டன். அதில் பெரும்பங்கு காய்கறித் தோல், மீந்த சோறு, வாடிய பூ போன்ற மக்கும் குப்பைதான். பல பத்தாண்டுகளாக எல்லாம் கலந்து கொடுங்கையூர், பெருங்குடி குப்பைக் கிடங்குகளுக்குப் போயின. பெருங்குடிக் கிடங்கு வளர்ந்தது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல். 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அதே சதுப்பு நிலம்! குவியலின் அடியில் காற்றில்லாமல் அழுகும் சோறும் தோலும் மீத்தேனை உண்டாக்கும். அது எளிதில் தீப்பிடிக்கும் வாயு. அதே 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு நாட்கணக்கில் எரிந்தபோது அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் அக்கம்பக்கத்து மக்கள். நம் வீட்டு வாளியில் இருந்ததற்கு அவர்கள் ஏன் இரும வேண்டும்?

நாற்றத்துக்கு வருகிறேன். உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் உரத்தொட்டி நாறினால் ஈரம் அதிகம், காற்று போதவில்லை என்று அர்த்தம். அதற்கு மருந்து உங்கள் வளாகத்திலேயே தினமும் உதிர்கிறது. பக்கவாட்டில் துளையிட்ட டிரம்மில் ஒரு பங்கு சமையலறைக் குப்பை, அதை மூடும்படி இரண்டு பங்கு காய்ந்த சருகு. தொடக்கத்தில் கொஞ்சம் புளித்த மோரோ கரைத்த சாணியோ தெளித்தால் போதும். வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் நடுவில் கை வைக்க முடியாத அளவு சூடேறும். அந்தச் சூடுதான் வேலை நடப்பதற்கு அடையாளம். இரண்டு மூன்று மாதத்தில் மழை பெய்த மண் போல மணக்கும் உரம் கிடைக்கும். மீன், இறைச்சி, எண்ணெய் மிதக்கும் குழம்பு இவற்றை மட்டும் சேர்க்காமலிருந்தால் எலித் தொல்லை வெகுவாகக் குறையும். வெள்ளையாகப் புழு நெளிந்தால் அருவருப்பாகத்தான் இருக்கும். அதுவும் குப்பையைத் தின்னத்தான் வந்திருக்கிறது; மேலே சருகைக் கனமாகப் போட்டால் அடங்கும்.

அந்தச் சருகைத்தான் பல வளாகங்களில் காலையில் கூட்டி, மதில் ஓரம் கொளுத்திவிடுகிறார்கள். இல்லையென்றால் மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றுகிறார்கள். வேம்பும் புங்கையும் இலவசமாகத் தருவதை எரித்துவிட்டு, மாடித் தோட்டத்துக்குக் காசு கொடுத்து தேங்காய் நார்த்தூள் வாங்குகிறோம். எனக்கு இது தாங்கவே முடியவில்லை.

ஒரு சில வீடுகள் செய்து என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். 2003-ல் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியபோதும் இந்தக் கேள்வி எழுந்தது. அப்புறம் பல பகுதிகளில் கிணற்று நீர் மேலே வந்ததைப் பார்த்தோம். அது வீடு வீடாகத் தோண்டிய குழிகளால் ஆன காரியம். குப்பை விஷயத்திலும் சட்டம் உங்களைத் தள்ளி நிற்கவிடவில்லை. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்று 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லப்பட்டிருந்தது. தோட்டக் கழிவைத் தனியாகச் சேர்த்து வைக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது.

எல்லா வீடுகளையும் இன்றே மாற்றச் சொல்லவில்லை. மெயின்டனன்ஸ் தொகையை உயர்த்தவும் வேண்டாம். விருப்பமுள்ளவர்களுக்கு, வெயில் நேரடியாகப் படாத, மழைநீர் தேங்காத ஒரு மூலையைக் கொடுங்கள். கூட்டும் சருகை அங்கே கொட்டச் சொல்லுங்கள். டிரம்மை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம், கிளறும் வேலையும் எங்களுடையது. அதைத் தூய்மைப் பணியாளர்கள் தலையில் கட்ட மாட்டோம். மூன்று மாதம் பாருங்கள். நாற்றம் என்று யாராவது புகார் சொல்லி, ஒரு வாரத்தில் எங்களால் சரிசெய்ய முடியாவிட்டால் டிரம்களை எடுத்துவிடச் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறோம்.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேருங்கள். அதுவரை சருகுக்குத் தீ வைப்பதை மட்டுமாவது நிறுத்தச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவள்