எரிசேரிக் கணக்கு

மக்களே,

எரிசேரி எப்படி வைப்பது என்று போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாயே, அதற்கு அம்மா சொன்ன பதில் பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது. "பூசணிக்காயையும் பயறையும் வேகவச்சு, தேங்காய அரச்சு விடு, பிறகு வறுத்துக் கொட்டு. அவ்வளவுதான்." அவளுக்கு அவ்வளவுதான். கையில் மாவுக்கட்டோடு அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஏவ, ஒரு மாதமாக அடுப்படியில் நிற்கிற எனக்கல்லவா தெரியும்! நாலு தடவை எரிசேரி வைத்தேன். நாலாவது தடவைதான் மறுபடியும் கொஞ்சம் போடச் சொல்லிச் சாப்பிட்டாள். அந்தக் கணக்கை எழுதுகிறேன்.

மஞ்சள் பூசணி அரைக் கிலோ. மாப்பிள்ளை வீட்டில் பரங்கிக்காய் என்பார்கள், கோயம்புத்தூர்ப் பக்கம் அரசாணிக்காய், எல்லாம் ஒன்றுதான். நான் நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் நன்றாக விளைந்த காயாகப் பார்த்து கீற்று வாங்கி வருகிறேன். அங்கே உனக்கு பட்டர்நட் பூசணி கிடைத்தால் அதுவே போதும். ஜெர்மனியில் ஹொக்கைடோ என்று சிவப்பாக ஒன்று விற்பார்களே, அதுவும் ஆகும். அதற்குத் தோல் சீவ வேண்டாம். ஆனால் அது மாவுக்காய், தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும்.

தட்டைப்பயறு 100 கிராம். ராத்திரியே ஊறப்போட்டு, குக்கரில் மூன்று விசில். பயறு முழுசாக இருக்க வேண்டும், நசுக்கினால் மசிய வேண்டும். உப்பை அப்புறம் பூசணியோடு போட்டுக்கொள்.

முதல் தடவை நான் கெடுத்தது தண்ணீரில்தான். துண்டுகள் முங்கும் அளவுக்கு ஊற்றினேன். நம்ம ஊர்ப் பூசணி தானே நீர் விடும் என்று யார் கண்டது? கடைசியில் சாம்பார் மாதிரி ஓடியது. அரை டம்ளர் தண்ணீர், கால் ஸ்பூன் மஞ்சள்தூள், உப்பு, மூடி போட்டுப் பத்து நிமிடம். பாதித் துண்டுகளைக் கரண்டியால் மசித்துவிடு, மீதி துண்டாகவே கிடக்கட்டும். பிறகு வெந்த பயறு.

அரைப்புக்கு முக்கால் கப் தேங்காய்த் துருவல், அரை ஸ்பூன் சீரகம், மூன்று வத்தல் மிளகாய், நல்லமிளகு ஐந்தாறு. பூண்டு ஒரு பல் போடுகிறவர்களும் உண்டு, அம்மா போட விடமாட்டாள். ரொம்ப நைசாக அரைக்காதே. சேர்த்தபின் ஒரு கொதி வந்தால் போதும். புளி கிடையாது. ஏதோ குறைகிறதே என்று நினைத்து எலுமிச்சை பிழிந்துவிடாதே, மூன்றாவது தடவை நான் செய்த காரியம் அது.

குறைவது வறுத்த தேங்காய். இதுவரை செய்ததை மாப்பிள்ளையிடம் காட்டினால் பரங்கிக்காய்க் கூட்டு என்றுதான் சொல்வார், அதில் தப்பும் இல்லை. இன்னும் முக்கால் கப் துருவலைத் தனியே எடுத்து வைத்துக்கொள். ஆமாம், அரைத்த அளவேதான். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் (அங்கே குளிரில் உறைந்திருக்கும், பாட்டிலை வெந்நீரில் நிறுத்து), கடுகு, கிள்ளிய வத்தல், கறிவேப்பிலை, அப்புறம் துருவல். தீயைச் சிம்மில் வை. ஐந்து நிமிடம் ஒன்றுமே நடக்காது. அந்த நேரத்தில்தான் நான் இரண்டாம் தடவை தீயைக் கூட்டினேன். ஓரம் கருகி நடு வெள்ளையாகவே நின்றது. பொறுமையாகக் கிளறிக்கொண்டே இரு. வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் சிவந்து, வாசனை முன்வாசல் வரை போகும். உரித்த புளியங்கொட்டை நிறம் என்று அம்மா சொல்கிறாள். உரித்த புளியங்கொட்டை வெள்ளையாக அல்லவா இருக்கும் என்றேன், "தோலோட நெறம்" என்று திட்டினாள். அதற்கு ஒரு படி முன்னாலேயே இறக்கிவிடு, சட்டிச் சூட்டில் மீதி சிவக்கும். பிரீசர் துருவல் என்றால் ஈரம் வற்றவே நேரம் பிடிக்கும், பன்னிரண்டு நிமிடமாவது ஆகும். எண்ணெயோடு அப்படியே பூசணியில் கொட்டு.

இது மலையாளத்துச் சமையல் ஆயிற்றே, நாம் எப்படி என்று மாப்பிள்ளை கேட்டாராமே? 1956 நவம்பர் 1 வரை நம்ம நாகர்கோவில் மலையாள நாடான திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது என்று சொல்லு. நம்ம வீட்டுக் கல்யாணப் பந்தியில் அவரும் எரிசேரி சாப்பிட்டவர்தான்.

ஆறினால் இறுகும், அதனால் இறக்கும்போது சற்றுத் தளர்வாகவே இருக்கட்டும்.

வருகிற திங்கள்கிழமை அம்மாவின் கட்டைப் பிரிக்கிறார்கள். அதன்பிறகு என்னை அடுப்படிக்குள் விடமாட்டாள். அதற்குள் ஒரு தடவை வைத்துப் பார்த்து, தேங்காயை மட்டும் கிட்டத்தில் படம் எடுத்து எனக்கு அனுப்பு. அம்மாவுக்கு அனுப்பாதே, நிறம் சரியில்லை என்பாள்.

அப்பா